பெயரும் பிடியரிசியும்



வட்டுக்கோட்டைச் செமினறியிலே கற்றோருடைய பெயர்களை முதன்முறை காணும் எவருக்கும் ஒரு வியப்புத் தோன்றும். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று, பாதி அமெரிக்காவும் பாதி யாழ்ப்பாணமுமாக அப்பெயர்கள் அமைந்திருக்கும். சமயம் மாறியதன் அடையாளம் அது என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. ஆயினும் அப்பெயர்களின் பின்னே ஒரு கணக்கேடும் உண்டு. அந்தக் கணக்கேட்டைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விழைகின்றேன்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816ஆம் ஆண்டிலே. வட்டுக்கோட்டைச் செமினறி 1823இல் தானியேல் பூவர் ஐயரின் தலைமையிலே தொடங்கிற்று. ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வான சாத்திரமும் அங்கே பயிற்றப்பட்டன. ஆரம்ப காலத்தில் மாணவர் அங்கேயே தங்கி உண்டு கற்றனர். உணவு, உடை, புத்தகம் எதற்கும் பெற்றோர் பணம் கொடுத்தாரல்லர். அப்படியாயின் செலவை ஏற்றவர் யார்? கடல்கடந்த நாட்டிலே, யாழ்ப்பாணம் எந்தத் திசையில் உள்ளது என்றுதானும் அறிந்திராத குடும்பத்தாரும், தேவாலயச் சபையாரும், மாதர் சங்கத்தாருமே. அவர்கள் ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்பி ஒரு மாணவனைத் தாங்குவர். தாங்குவோர் தாம் விரும்பிய பெயரை, பெரும்பாலும் தாம் மதித்த ஒரு போதகரின் அல்லது உறவினரின் பெயரை, அம்மாணவனுக்கு இடும்படி கேட்கலாம். இவ்வாறுதான் தம் கண்ணாற் காணாத மனிதருடைய பெயர்களை நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயுள் முழுவதும் சுமந்தனர்.

இது கொடையா, விலையா என்று கேட்பவர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் பெயரைக் கொடுத்தவர் எண்ணியபடி வாழ்க்கை நடந்துவிடவில்லை. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் பாவலர் சரித்திர தீபகம் என்னும் நூலை வெளியிட்டுத் தமிழ்ப் புலவர் வரலாற்றுக்கே ஒரு விளக்கேற்றினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய்த் தேறிய கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் செமினறியின் மாணாக்கரே. பின்னவர் பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சேற்றிய பெருமகன். எல்லாவற்றினும் வியப்பானது நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் கதை. அவர் யாழ்ப்பாண நகரிலே தொடங்கிய ஆங்கிலப் பாடசாலைதான் கைமாறி, வண்ணார்பண்ணைக்குப் பெயர்ந்து, 1890இல் சைவ பரிபாலன சபையின் பொறுப்பில் வந்து, பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாய் வளர்ந்தது. இப்படி ஒரு பயன் விளையும் என்று எந்த அமெரிக்கக் கொடையாளி கனவு கண்டிருப்பார்?

ஆனால் தொலைவிலிருந்து வரும் பணத்துக்கு ஒரு குறை உண்டு. அனுப்புவோரின் வீட்டிலே நெருக்கடி நேர்ந்தால் பெறுவோரின் வீட்டிலே அடுப்பு அணையும். 1837இல் அமெரிக்காவிலே வங்கிகள் தள்ளாடின. பெரும் பணமுடை உண்டாயிற்று. மிஷன் சபை செலவைச் சுருக்க, யாழ்ப்பாணத்தில் 171 கிராமப் பாடசாலைகள் கலைக்கப்பட்டன. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சிறார் வீடு திரும்பினர். அங்கே கற்பித்த ஊர் ஆசிரியர்களின் நிலை என்னவாயிருக்கும் என்பதை, சம்பளத்தை எதிர்பார்த்து மாதத்தைக் கடத்தும் எங்களைப் போன்றோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

செமினறியும் 1855இல் மூடப்பட்டது. அதற்குக் காரணம் பணமன்று. ஆங்கிலக் கல்வி மிஷன் நோக்கத்தை விட்டு விலகுகின்றது என்ற சபையாரின் எண்ணமே முதன்மையானது. பழைய மாணவரும் ஊராரும் மீண்டும் ஓர் உயர் கலாசாலை வேண்டும் என்று முயன்றதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. இம்முறை ஆண்டுக்காண்டு வரும் பணத்தை மட்டும் நம்பவில்லை. மூலதனம் ஒன்று திரட்டப்பட்டு, அமெரிக்காவிலே தருமகர்த்தர் சபையொன்றின் பொறுப்பில் வைக்கப்பட்டது. முதலைத் தொடாமல் வருவாயைக் கொண்டு கல்லூரியைத் தாங்குவது ஏற்பாடு. கோயிலுக்கு வயல் எழுதிவைத்து விளைச்சலால் விளக்கேற்றும் நம் முன்னோருக்கு இது புதிய வித்தையன்று.

இனி, வண்ணார்பண்ணைக்கு வருவோம். ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, அவருக்குப் பின்னே அமெரிக்கச் சபையும் இல்லை, அரசாங்க நன்கொடையும் இல்லை. பிள்ளைகளிடம் சம்பளமும் வாங்கவில்லை. அவர் கண்ட வழி பிடியரிசி. சோற்றுக்கு அரிசி அளக்கும் பெண் ஒரு பிடியை வேறாக எடுத்து ஒரு பானையில் இடுவாள். சேர்ந்த அரிசி வித்தியாசாலைக்குப் போகும். அந்தப் பிடிக்கு ரசீது இல்லை. கொடுத்தவள் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. ஓர் உண்மையையும் மறைக்காமற் சொல்லவேண்டும்: அக்காலப் பாடசாலைகளின் கதவு எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் ஒப்பத் திறந்திருக்கவில்லை.

1945இல் இலவசக் கல்வித் திட்டம் வந்தபின், இனிப் பிடியரிசி எதற்கு என்று நாம் எண்ணியிருக்கலாம். அரசினர் பாடசாலையின் அதிபராகிய நான் அவ்வாறு எண்ணவில்லை. கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பேருந்துக் கட்டணமும் சப்பாத்தும் காலையுணவும் கட்டணத்துள் அடங்குவனவல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலுள்ள ஓர் அன்பர், எங்கள் பாடசாலையில் ஒரு வறிய மாணவியைத் தாம் தாங்குவதாக எழுதினார். நல்ல மனத்தினர் என்பதில் ஐயமில்லை. அவர் கேட்டது இரண்டே: மாதந்தோறும் பிள்ளையின் புகைப்படம் ஒன்று, பிள்ளையின் கையாலே நன்றிக் கடிதம் ஒன்று. அன்றிரவு அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். தகப்பனை இழந்த பிள்ளை அது. பணமோ மிகத் தேவை. மறுநாள் ஆசிரியர் சிலரோடு கலந்து, தொகையைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கிலே ஏற்போம், கணக்கறிக்கை தவறாது அனுப்புவோம், பிள்ளையின் பெயரோ படமோ தரமாட்டோம் என்று மறுமொழி எழுதினோம்.

மூன்று மாதம் பதில் இல்லை. அந்த மூன்று மாதமும் அப்பிள்ளையை முற்றத்திற் காணும்போதெல்லாம், என் கொள்கைக்கு அவள் விலை கொடுக்கிறாளோ என்று என் மனம் என்னைக் குத்தியது. நான்காம் மாதத்தில், முன்னர் சொன்னதிற் பாதித் தொகை வந்து சேர்ந்தது. கடிதம் எதுவும் இல்லை. அதிலே அவளுக்கும் வேறு இருவருக்கும் சப்பாத்தும், பேருந்துப் பருவச்சீட்டும் வாங்கினோம். கணக்கறிக்கையை இன்றும் தவறாமல் அனுப்பி வருகிறோம்.