நாவும் ஒலிப்பும்

மெய்யெழுத்து ஒலிப்புடையதா, ஒலிப்பிலாததா என்பது குரல்வளையில் முடிவாகிறது. குரல்நாண்கள் அதிர்ந்தால் ஒலிப்புடை மெய், அதிராவிட்டால் ஒலிப்பிலா மெய். நா அந்த அதிர்வை உண்டாக்குவதில்லை. ஆனால் அது நீடிக்க இடம் கொடுக்கிறது. வாய் அடைபட்டிருக்கையில் நுரையீரலிலிருந்து வரும் காற்று உள்ளே தேங்கி அழுத்தம் ஏறும். அதிர்வு விரைவில் நின்றுவிடும். அதைத் தள்ளிப்போட நாவின் அடி முன்னே நகர்கிறது, குரல்வளை தாழ்கிறது, தொண்டை விரிகிறது. உதடு மூடும் ஒலிக்குப் பின்னால் வாய் முழுதும் காற்றுக்கு இடமுண்டு, கன்னமும் விரிந்துகொடுக்கும். நாவின் பின்பகுதி எழுந்து அடைக்கும் ஒலிக்கோ மிகக் குறுகிய இடந்தான். தாய்லாந்து மொழியில் ஒலிப்புடைப் பகரமும் தகரமும் இருக்க, ஒலிப்புடைக் ககரம் மட்டும் இல்லாததற்கு இதையே காரணமாகச் சொல்வர்.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், நாவும் அண்ணமும் பல்லும் இதழும் பொருந்தும் இடத்தைக் கொண்டு மெய்களை வகுக்கிறது. ஒலிப்புக்கெனத் தமிழில் தனி எழுத்து இல்லை. சொல்லில் எழுத்து நிற்கும் இடமே போதும். இலங்கை மலையகத்தின் திம்புள்ளத் தேயிலைத் தோட்டங்களின் அன்றாடச் சொற்களிலேயே இதைக் கேட்கலாம். 'கங்காணி'யின் முதல் ககரம் ஒலிப்பிலாதது, ஙகரத்தை அடுத்தது ஒலிப்புடையது. 'கொழுந்து' என்பதில் நகரத்தை அடுத்த தகரமும் அப்படியே. 'மட்டம்' என்கையில் நாநுனி மேலண்ணத்தில் அழுந்தி நிற்கிறது, ஒலிப்பில்லை. 'கூடை' என்கையில் தொட்டவுடன் விலகுகிறது, அதிர்வு அறுவதில்லை. ஒரே டகரம், நாவின் தொடுகை வேறு.

சிங்களத்தில் ஒலிப்பு வேறுபாடு பொருளையே மாற்றும். வீதியைக் குறிக்கும் சொல்லும் பொறுப்பைக் குறிக்கும் சொல்லும் முதல் மெய்யின் ஒலிப்பால் மட்டுமே பிரிகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் 'பார'தான். இரு மொழியும் பேசும் மலையகப் பிள்ளை எழுத்தின் துணையின்றிச் செவியாலேயே இதைக் கற்றுக்கொள்கிறது. சாதாரணமாகத் தோன்றினாலும் அது பெரிய திறன்.

திம்புள்ள என்ற பெயரே இந்த வேறுபாட்டுக்கு நல்ல சான்று. அதன் தகரம் சொல்லின் முதலில் நின்றும் ஒலிப்புடையது. தமிழ் மரபு அங்கே ஒலிப்பிலா ஒலியையே எதிர்பார்க்கும். அருகிலுள்ள டிக்கோயாவுக்கும் சிங்களத்தில் பல்லைத் தொடும் அதே ஒலிதான் முதலில். தமிழில் அது டகரமானது ஆங்கிலத்தின் வழியாக இருக்கவேண்டும்; ஆங்கிலேயர் அந்த ஒலியைப் பல்லின் ஈறில் நாநுனியை வைத்துச் சொல்வர், தமிழ்ச் செவிக்கு அது டகரத்தை நெருங்கியது. ஹட்டன் என்ற ஊர்ப்பெயரைச் சிலர் 'ஹற்றன்' என்று எழுதுவதும் ஈறைத் தொடும் அந்த ஆங்கில ஒலியைக் காட்டத்தான்.