யாருடைய யாழ்?

கோவைக்குப் பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் பிறந்த ஒருவரின் பெயரில் அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு ஒன்று இருக்கிறது என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் நம்புவதில்லை. ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ என்பது அதன் தலைப்பு. 1971-இல் இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஆனால் அது சுவாமி சச்சிதானந்தாவின் இசை அல்ல, ஆலிஸ் கோல்ட்ரேனின் இசை. 1937-இல் டெட்ராய்ட்டில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். சிறு வயதில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பழகியவர், பிறகு பாரிஸில் பட் பவலிடம் ஜாஸ் பியானோ நுணுக்கங்களைக் கற்றவர்.

ஜாஸ் என்றால் சாக்ஸஃபோன் அலறும், டிரம்ஸ் அதிரும், ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தத் தட்டில் முந்துவதற்கு எவருக்கும் அவசரமில்லை. தம்புரா இழைகிறது. அதன்மேல் செசில் மெக்பீயின் பேஸ் ஒரே சிறு சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஹார்ப்பின் தந்திகளை ஆலிஸ் தடவிக்கொடுக்கிறார். நிதானமாகத்தான் ஃபரோவா சாண்டர்ஸின் சாக்ஸஃபோன் வந்து சேர்கிறது. ஏற்காட்டில் நவம்பர் மழைக்காலத்தில், காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் பனிமூட்டத்தில் ஒவ்வொன்றாக மறையும் நேரத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். மூட்டம் எங்கும் போகாது. நம் கண்தான் மெல்ல அதற்குப் பழகும். இந்த இசையும் அப்படித்தான், எங்கும் போவதில்லை, நம் காதைப் பழக்குகிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது தம்புரா. நம் கச்சேரி மேடையில் அது பின்வரிசை வாத்தியம். எத்தனையோ பெண்கள், பெரும்பாலும் சிஷ்யைகள், பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் மீட்டியிருக்கிறார்கள். விமர்சனத்தில் அவர்கள் பெயர் வராது. பிறகு சுருதிப்பெட்டி வந்து அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது. ஆலிஸ் அந்தப் பின்வரிசை ஒலியை முன்னுக்குக் கொண்டுவந்து, மற்றவர்களை அதற்குள் நடமாட விட்டார். தம்புரா மீட்டியவர் பெயரும் தட்டில் இருக்கிறது: துளசி.

“மேடம், இது தூங்க வைக்கிற மியூசிக்கா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. தியானம், அமைதி என்றாலே பெண்களுக்குச் சந்தேகம் வரவேண்டும். ‘அமைதியாக இரு’ என்று நமக்குச் சொல்லப்பட்டதற்குக் கணக்கே இல்லை. ஆனால் இந்த அமைதி எந்த வீட்டில் உண்டானது என்று பாருங்கள். கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967 ஜூலையில் இறந்தபோது ஆலிஸுக்கு வயது 29. குழந்தைகள் நால்வர். ஜான் வாங்கச் சொல்லியிருந்த ஹார்ப், அவர் போன பிறகுதான் வீட்டுக்கு வந்தது. நியூயார்க் அருகே டிக்ஸ் ஹில்ஸ் வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1970 நவம்பரில் இந்தத் தட்டின் பெரும்பகுதி அங்கேதான் பதிவானது. அப்போது மூத்த பெண்ணுக்குப் பத்து வயது, கடைசிப் பையனுக்கு மூன்று. தூங்க வைக்கிற இசையா என்றால், தூக்கம் கெட்ட ஒருத்தி உட்கார்ந்து செய்த இசை என்பேன்.

தட்டில் ‘ஸ்டாப்ஓவர் பாம்பே’ என்று ஒரு பாட்டு உண்டு. பதிவு நடந்தபோது அவர் பம்பாயை இன்னும் பார்த்திருக்கவில்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்குமான பயணம் டிசம்பரில்தான்.

விமர்சகர்கள் இவரை முதலில் ‘ஜானின் மனைவி’ என்றுதான் கேட்டார்கள். 1972-இல் ‘இன்ஃபினிட்டி’ என்ற தட்டில், கணவரின் பழைய பதிவுகளோடு வயலின் குழுவையும் தன் ஹார்ப்பையும் சேர்த்தார். மேதையின் படைப்பில் கைவைத்துவிட்டாள் என்று பலர் கொதித்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிலப்பதிகாரத்தின் கானல்வரிதான் நினைவுக்கு வந்தது. கடற்கரையில் கோவலன் யாழ் மீட்டிப் பாடுகிறான்; பிறகு மாதவி வாங்கிப் பாடுகிறாள். அவன் பாடினால் பாட்டு. அவள் பாடினால் ‘யாரை நினைத்துப் பாடினாள்?’ என்ற விசாரணை. அந்த ஐயத்தில்தான் அவளை விட்டுப் போகிறான். ஒரு பெண்ணின் யாழுக்குள் ஓர் ஆணைத் தேடும் பழக்கம் கடற்கரை மணலோடு முடியவில்லை. (அந்த யாழும் நம் கையைவிட்டுப் போய், 1947-இல் விபுலாநந்த அடிகள் ‘யாழ் நூல்’ எழுதித்தான் அதன் கணக்கை மீட்க வேண்டியிருந்தது.)

குருவிடம் வருகிறேன். சச்சிதானந்தாவும் துணையை இழந்தவர். மனைவி இறந்தபின் இரண்டு மகன்களைக் குடும்பத்தில் விட்டுவிட்டு ஆன்மிகத் தேடலில் புறப்பட்டார். 1949-இல் ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் துறவு, பிறகு இலங்கையில் ஆசிரமப் பணி, 1966-இல் நியூயார்க், 1969-இல் உட்ஸ்டாக் விழாவின் தொடக்க உரை. மனைவியை இழந்த ஆணுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாராவது பெண் இருப்பாள். ஆலிஸுக்கு அப்படிப் போக முடியவில்லை. நான்கு பிள்ளைகளையும் கூடவே வைத்துக்கொண்டுதான் காவிக்குப் போனார். துரியசங்கீதானந்தா என்று பெயர் கொண்டார். 1991-இல் சச்சிதானந்தாமீது முன்னாள் சீடப் பெண்கள் சிலர் பாலியல் புகார்கள் சொன்னார்கள்; அவர் மறுத்தார். தட்டின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இதையும் மாணவிகளிடம் சொல்கிறேன். ஒரு பெண்ணின் இசையைக் காப்பாற்றுவதற்காக மற்றப் பெண்களின் பேச்சை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆலிஸ் இன்னொருவர் ஆசிரமத்தில் நிற்கவில்லை. 1975-இல் கலிஃபோர்னியாவில் வேதாந்த மையத்தை நிறுவினார். 1983-இல் அகூரா மலைப்பகுதியில் சொந்த ஆசிரமம். அங்கே அவரே குரு. இசை நிறுவனங்களை விட்டு விலகி, பஜனைகளை ஒலிநாடாவில் பதிந்து தன் வட்டத்துக்குள் மட்டும் கொடுத்தார். 1982-இல் வந்த ‘துரியா சிங்ஸ்’ நாடாவில் முதன்முறையாகத் தன் குரலிலேயே பாடினார். கனத்த, ஆழமான குரல். மயக்க முயலாத குரல். சமஸ்கிருத நாமாவளிதான், ஆனால் அடியில் ஓடுவது டெட்ராய்ட் தேவாலயம்.

அவர் 2007-இல் இறந்தார். 2021-இல் அந்த நாடாவை மகன் ரவி மறுபடி வெளியிட்டார், தந்தி இசையும் சின்தசைசரும் இல்லாத வடிவத்தில், குரலும் ஆர்கனும் மட்டும். ஜானின் பதிவில் ஆலிஸ் தந்திகளைச் சேர்த்தபோது எழுந்த கொதிப்பு, ஆலிஸின் இசை தந்திகள் இல்லாமல் வந்தபோது அந்த அளவுக்கு எழவில்லை. புதிய வடிவம் அழகாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வகுப்பில் நான் போடுவது 1982 நாடாவை. அந்தச் சின்தசைசர் சில இடங்களில் விண்கலம் கிளம்புவதுபோல் இரைகிறது. மாணவிகள் சிரிக்கிறார்கள். அவர் வேண்டுமென்றுதான் அதை வைத்திருக்கிறார்.