சிறுகண்பீளையும் தேரையரின் நீர்க்குறியும்

போன வருஷம் ஆடி மாசம். குற்றாலத்தில் நல்ல சாரல். ஊரே அருவிக்குப் போயிருக்க, நான் தென்காசியில் பெரியப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். கிரியாட்டினின் 2.8. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தானே வாங்கி மாசக்கணக்கில் போட்ட டைக்ளோஃபினாக் மாத்திரை செய்த வேலை. பெரியப்பா அசரவில்லை. "இங்கிலீஷ் மருந்து கெடுத்ததைச் சிறுகண்பீளை சரி பண்ணிரும். பச்சிலை என்னல செய்யும்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் சேர்ந்தவைதான் இந்தக் குறிப்புகள்.

முதலில், பெரியப்பா சொன்னது வெறும் நம்பிக்கை இல்லை. பொங்கலுக்கு ஆவாரம்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டுகிற அதே சிறுபீளைதான் இது. கல்லடைப்புக்கும் நீர் பிரியவும் காலங்காலமாகக் கொடுத்து வந்த செடி. 2004ல் மணிப்பால் ஆய்வாளர்கள் இதை எலிகளில் சோதித்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்துகள் இரண்டை எடுத்துக்கொண்டார்கள்: புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், கிருமித்தொற்றுக்கான ஜென்டாமைசின். செடியின் சாறு கொடுத்த எலிகளில் ரத்த யூரியாவும் கிரியாட்டினினும் குறைந்தன. சிஸ்பிளாட்டின் சேதத்தைப் பிறகு கொடுத்தபோதும் ஆற்றியது. ஜென்டாமைசினுக்கு முன்கூட்டியே கொடுத்தபோது நல்ல பலன் தந்தது.

சரி, அப்போ பெரியப்பா ஜெயிச்சாரா? அவசரப்படாதீங்க. மணிப்பாலில் கொடுத்தது எத்தனால் கொண்டு பிரித்தெடுத்த சாறு. நம் வீட்டில் போடுவது தண்ணீர்க் கஷாயம். அங்கே எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. இங்கே கைப்பிடி கணக்கு. அங்கே டைக்ளோஃபினாக்கும் இல்லை. என் தொழில் பாஷையில் சொன்னால், டெஸ்ட் மெஷினில் ஓடிய புரோகிராம், வாடிக்கையாளரிடம் இன்னும் போகவே இல்லை. சிஸ்பிளாட்டினிலிருந்து நோயாளிகளின் சிறுநீரகத்தை இன்றும் முக்கியமாகக் காப்பது, நரம்பில் நிறைய ஏற்றுகிற உப்புநீர்தான்.

"பச்சிலை என்னல செய்யும்?" என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடூரமான பதில் இருக்கு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில், உடம்பு இளைக்க சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து வந்தார்கள். 1993ல் இது வெளியே தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பிறகு நூறைத் தாண்டினார்கள். பெயர் ஒத்திருந்ததால் ஒரு மூலிகைக்குப் பதில் வேறொன்று கலந்துவிட்டது. கலந்தது அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி. அதே இனத்தில் நம்ம ஊரிலும் உண்டு: ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி. இரண்டும் நாட்டு வைத்தியத்தில் புழங்குகிறவை. ஆக, காப்பதும் பச்சிலை, கெடுப்பதும் பச்சிலை.

தென்காசியிலிருந்து கடையம் போகிற வழியில் தோரணமலை இருக்கிறது. அகத்தியரும் தேரையரும் வாழ்ந்த மலை என்பது இங்குள்ள ஐதீகம். தேரையர் பெயரில் வழங்குகிற நூல்களில் ஒன்று நீர்க்குறி நெய்க்குறி பற்றியது. விடியற்காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாகப் பரவுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்ப்பது நெய்க்குறி. வாதம், பித்தம், கபம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அதை இன்றைய ஆய்வகத்தோடு பொருத்த நான் முயலவில்லை. என்னை நிறுத்தியது நீர்க்குறி. நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது. எஞ்சல் என்றால் அளவு குறைதல்.

பெரியப்பாவைக் கூட்டிப்போன சிறுநீரக மருத்துவர் முதலில் கேட்ட கேள்விகள் இரண்டு: "நுரைக்குதா? அளவு குறைஞ்சிருக்கா?" நுரை, புரதம் ஒழுகுவதன் அடையாளமாக இருக்கலாம்.

குற்றாலத்தில் கட்டுக்கட்டாக விற்கிற செடியைத்தான் நாம் சித்தர் சொத்து என்று நினைக்கிறோம். கொடுக்கும் முன் பார்த்த அந்தப் பழக்கமும் அவர்கள் விட்டுப்போனதுதானே? அதை விட்டுவிட்டுச் செடியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

மாத்திரையை நிறுத்தியதில் பெரியப்பாவின் கிரியாட்டினின் மூன்று மாதத்தில் 1.6க்கு இறங்கியது. மருத்துவர் சொன்னபடி கஷாயத்தையும் தொடவில்லை. ஐந்து குறிகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நுரை பங்குனியிலயே இருந்துச்சுல. யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார்.