கைலி நழுவாமல் கட்டுவது எப்படி?

பெர்மாஸ் ஜெயாவில் நோன்புப் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போறீங்களா? சட்டையைப் பார்த்துச் சாரோங் கட்டுங்க.

வீட்டுக் கைலி: உள்ளே நின்று, இரு பக்கத் துணியையும் நடுவுக்கு மடித்து, மேல்விளிம்பை வெளிப்பக்கமாக ரெண்டு மூணு முறை இறுக்கிச் சுருட்டுங்க. பிடிமானம் சுருட்டலில்தான், முடிச்சு வேண்டாம்.

தெலோக் பெலாங்கா: காலர் இல்லாத ஜொகூர் பாணி. இடுப்புத் துணியான சாம்பினைச் சட்டைக்கு உள்ளே கட்டணும்.

சேக்காக் மூசாங்: நிற்கும் காலர். சாம்பின் சட்டைக்கு மேலே வரும்.

பெண்கள்: பாத்தேக் சாரோங்கை ஒரு பக்கமாக மடித்து இடுப்பில் செருகுவாங்க.

வேற்று உடைன்னு நினைச்சுடாதீங்க. கட்டம் போட்ட கைலியை மலாயில் 'காயின் பெலிகாட்' என்பார்கள். அந்தப் பெலிகாட், சென்னைக்கு வடக்கே உள்ள நம்ம பழவேற்காடுதான்!