கூடாரத்துக்கு முன்னால் போன விமானம்

2011 ஆகஸ்டில் லிபியத் தலைநகர் திரிபோலி கிளர்ச்சியாளர்களிடம் விழுந்தது. லிபிய ஆட்சியாளர் கடாபியின் முன்னாள் உளவுத் தலைவர் மூசா கூசா அதற்குள் நாட்டை விட்டே ஓடிவிட்டார். கோப்புகளை மட்டும் எடுத்துப்போக மறந்துவிட்டார் போலும். செப்டம்பரில் அவற்றைப் புரட்டிய மனித உரிமை ஆய்வாளர்கள் கையில் ஒரு கடிதம் சிக்கியது.

தேதி 2004 மார்ச் 18. கூசாவுக்கு எழுதியவர் பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.6இன் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவுத் தலைவர் மார்க் ஆலன். அப்துல் ஹக்கீம் பெல்ஹாஜ் பத்திரமாக லிபியா வந்து சேர்ந்ததற்கு அதில் வாழ்த்துச் சொல்லியிருந்தார். துப்பு கொடுத்தது நாங்கள், விமானச் சரக்குக்குக் காசு கொடுத்தது மட்டும் நாங்களல்ல என்று கணக்கும் எழுதியிருந்தார். சரக்கு என்றது மனிதர்களை.

பெல்ஹாஜ் கடாபிக்கு எதிராக ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் தலைவர். சாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் மனைவி பாத்திமா பூச்சார் என்ன செய்தார்? பிரிட்டனில் அடைக்கலம் கேட்கப் புறப்பட்ட அந்தத் தம்பதி மலேசியாவில் பிடிபட்டு, பாங்காக்கில் அமெரிக்கர்கள் கைக்குப் போனார்கள். நாலரை மாதக் கர்ப்பிணியான பாத்திமாவைத் தலை முதல் கால்வரை பிளாஸ்திரியால் சுற்றி ஸ்ட்ரெச்சரோடு கட்டினார்கள். ஒட்டும்போது ஒரு கண் மூடியிருந்தது, மற்றது திறந்திருந்தது. அந்தக் கண் திறந்தபடியே 17 மணி நேரம் பறந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். பிரசவத்துக்குச் சற்று முன்புதான் அவரை விட்டார்கள். கணவர் சித்திரவதைகளோடு ஆறு ஆண்டுகள் சிறையில் கிடந்தார்.

இவ்வளவும் எதற்கு? மார்ச் 25ஆம் தேதி, அதாவது கடிதம் எழுதி ஒரே வாரத்தில், பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் திரிபோலிக்கு வெளியே கடாபியின் கூடாரத்தில் கைகுலுக்கினார். அதே நாளில் ஷெல் நிறுவனத்தின் எரிவாயு ஒப்பந்தமும் அறிவிக்கப்பட்டது. சந்திப்பு கூடாரத்தில் நடந்தால் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும் என்ற யோசனைகூட அந்தக் கோப்புகளில் இருந்தது!

2018 மே 10 அன்று பிரிட்டிஷ் அரசின் மன்னிப்பு நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. மகனோடு பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து கேட்டார் பாத்திமா. அவருக்கு 5 லட்சம் பவுண்டு. பெல்ஹாஜ் பணம் கேட்கவில்லை, மன்னிப்பு போதும் என்றார். சட்டப் பொறுப்பை மட்டும் அரசு கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

குற்ற வழக்கு? போதிய ஆதாரம் இல்லை என்று அரசு வழக்குத் துறை 2016லேயே கைகழுவியிருந்தது. அந்த முடிவை அறிவித்த குறிப்பிலேயே இன்னொன்றும் இருந்தது: சந்தேகத்துக்குள்ளான அதிகாரி தம் செயல்களில் சிலவற்றுக்கு அரசியல் அனுமதி கேட்டிருக்கிறார், ஆனால் முறைப்படி எழுத்தில் இல்லை.