இன்காப் பாதைக்கு ஓர் ஆயத்தம்



முப்பத்திரண்டு ஆண்டுகள் சரித்திரம் கற்பித்தவன் நான். அவ்வாண்டுகளில் வகுப்புத்தோறும் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி வந்தேன். "1911-ஆம் ஆண்டில் ஹைரம் பிங்காம் என்னும் அமெரிக்கர் மச்சு பிச்சு என்னும் நகரத்தைக் கண்டுபிடித்தார்" என்பதே அவ்வாக்கியம். அது பிழையுடையது என்பதைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு பிரயாணத்திற்கு ஆயத்தம் செய்யத் தொடங்கியபோதுதான் உணர்ந்தேன். அந்த ஆயத்தத்தைப் பற்றியும், அது எனக்குக் கற்பித்த பாடத்தைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டில் பொறியாளராக இருக்கிறார். "ஐயா, வகுப்பில் நீங்கள் சொன்ன இன்கா நகரத்தை நாம் இருவரும் நடந்தே சென்று பார்ப்போம், வாருங்கள்" என்று அவர் எழுதினார். அறுபத்து நான்கு வயதில் எனக்கு வந்த அழைப்பு அது. மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே எழுந்தன. அச்சத்திற்குக் காரணம் உண்டு.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மச்சு பிச்சு. அதற்குப் புகைவண்டியிலும் செல்லலாம். இன்காக்கள் கல் பாவிய பழம்பாதையில் நடந்தும் செல்லலாம். நடப்போர் பெரும்பாலும் இருப்புப் பாதையின் 82-ஆம் கிலோமீட்டர்க் கல்லருகே புறப்பட்டு, உருபம்பா ஆற்றைக் கடந்து, நான்கு நாளில் சுமார் 43 கிலோமீட்டர் செல்கிறார்கள். நான்கு நாளைக்கு 43 கிலோமீட்டர் பெரிய தூரமா என்று நீங்கள் கேட்கலாம். சமவெளியில் அது பெரிதன்று. ஆனால் இரண்டாம் நாள் ஏற வேண்டிய கணவாயின் உயரம் 4,215 மீட்டர். கீழிருந்து பார்த்தால் மல்லாந்து கிடக்கும் பெண்ணுருவம் போலத் தோன்றுவதால், 'இறந்த பெண்ணின் கணவாய்' என்று அதற்குப் பெயர். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு அந்த அளவிற்குக் குறைந்துவிடும்.

ஆகவே முதல் ஆயத்தம் உடலைப் பற்றியது. ஆறு மாதங்களாக நாள்தோறும் விடியற்காலையில் நடக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் படிக்கட்டுகளில் ஏறி இறங்குகிறேன். இன்காப் பாதையின் பெரும்பகுதி சமமில்லாத கற்படிகள் ஆதலால், ஏறுவதற்கு நெஞ்சுரமும், இறங்குவதற்கு முழங்கால் வலிமையும் வேண்டும். காலணியைப் புதிதாக வாங்கி அங்கே கொண்டுபோவது அறியாமை. அதை இங்கேயே அணிந்து நடந்து பாதத்திற்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

என்னைப் பரிசோதித்த மருத்துவர் ஓர் எச்சரிக்கை செய்தார். உயரத்தினால் வரும் மலைநோய் இளைஞர் என்றும் முதியவர் என்றும் பார்ப்பதில்லை. பயிற்சி பெற்ற விளையாட்டு வீரரையும் அது வீழ்த்தும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை அதன் முதல் அறிகுறிகள். அவற்றை மறைத்துக்கொண்டு மேலே ஏறுவோருக்கு நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து நேரலாம். கீழே இறங்குவதே அதற்கு உற்ற மருந்து. எனவே, ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள குஸ்கோ நகரில் முதலில் மூன்று நாள் தங்கி, உடலைப் பழக்கிய பின்னரே நடக்கத் திட்டமிட்டுள்ளோம். இரண்டாம் நாள் ஏற்றத்தில் வழிகாட்டி என்னைத் திரும்பச் சொன்னால், மறுசொல் கூறாமல் திரும்பிவிடுவேன் என்று என் மனைவிக்கும் மாணவருக்கும் வாக்களித்திருக்கிறேன். அந்த வாக்குறுதி என் மூட்டையில் முதலில் வைத்த பொருள்.

இரண்டாம் ஆயத்தம் சுமையைப் பற்றியது. இப்பாதையில் நினைத்தவர் நினைத்தபடி நடக்க முடியாது. 2001-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளின்படி, உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் செல்லவேண்டும். நாள் ஒன்றுக்கு, சுமையாளரையும் வழிகாட்டிகளையும் சேர்த்து, 500 பேருக்கே அனுமதி. பிப்ரவரி மாதத்தில் செப்பனிடுவதற்காகப் பாதை மூடப்படும். மழை குறைந்த மே முதல் செப்டம்பர் வரையிலான காலமே நடப்பதற்கு ஏற்றது. ஆயினும் அப்போது இரவில் கடுங்குளிர் இருக்கும். ஆகவே கனத்த ஆடை ஒன்றைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மெல்லிய ஆடைகளே நல்லவை. கழற்றவும் அணியவும் அவை எளியவை.

கூடாரங்களையும் உணவையும் சுமப்போர் கெச்சுவா மொழி பேசும் மலைவாழ் மக்கள். பாதையில் பொதிவிலங்குகளுக்கு இடமில்லாததால், அனைத்தும் மனிதர் முதுகிலேயே செல்கின்றன. ஒருகாலத்தில் அளவின்றி அவர்கள்மீது ஏற்றப்பட்ட சுமைக்கு, 20 கிலோவுக்கு மேல் கூடாது என்று சட்டம் வரம்பு கட்டியது. நான் எடுத்துச் செல்லவிருந்த பொருள்களை முதலில் நிறுத்துப் பார்த்தபோது பதினோரு கிலோ இருந்தது. அதில் நான்கு கிலோ புத்தகங்கள்! அவற்றைச் சுமப்பவர் வேறொருவர் என்று எண்ணியபோது வெட்கம் வந்தது. புத்தகங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, அவற்றில் உள்ளதைத் தலையில் ஏற்றிக்கொண்டு போவது என்று தீர்மானித்தேன். அதுவே என் மூன்றாம் ஆயத்தமாயிற்று.

நாம் நடக்கப்போகும் பாதை தனிப்பாதையன்று. கொலம்பியா முதல் சிலி, அர்ஜென்டினா வரை பரவிய இன்காப் பேரரசின் சாலைகள் ஏறக்குறைய 30,000 கிலோமீட்டர் நீளமுடையவை. 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆறு நாடுகள் அப்பெருமையைப் பகிர்ந்துகொண்டன. இச்சாலைகளில் வண்டிச் சக்கரம் உருண்டதில்லை. குதிரைக் குளம்பொலி கேட்டதில்லை. மனிதரும், லாமா என்னும் பொதிவிலங்குமே நடந்தனர். சாஸ்கிகள் எனப்பட்ட அஞ்சல் ஓட்டக்காரர்கள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றிச் செய்தியைக் கொண்டுசென்றனர். எழுத்து இல்லாத அவ்வரசில், கயிற்றில் இட்ட முடிச்சுகளே கணக்கேடாக விளங்கின. வழியெங்கும் தங்குமிடங்களும் களஞ்சியங்களும் இருந்தன. இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்திய உருளைக்கிழங்கு அக்களஞ்சியங்களில் நெடுங்காலம் கெடாமல் இருந்தது. இன்று நம் வீட்டு அடுப்பில் வேகும் உருளைக்கிழங்கு, ஆண்டிஸ் மலை உழவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பண்படுத்தி உலகுக்கு அளித்த கொடை என்பதை மறவாதீர்கள்.

மச்சு பிச்சுவை எழுப்பியவர் பச்சகுத்தி என்னும் பேரரசர் என்பர். ஸ்பானியர் எழுதிய குறிப்புகளைக் கொண்டு அவர் 1438-ஆம் ஆண்டளவில் ஆட்சிக்கு வந்தார் என்று கணித்திருந்தனர். ஆனால் அங்கே புதைக்கப்பட்டிருந்த 26 பேரின் எலும்புகளையும் பற்களையும் கரிமக் காலக்கணிப்பு முறையில் ஆராய்ந்த அறிஞர்கள், 1420-ஆம் ஆண்டளவிலேயே மக்கள் அங்கு வாழ்ந்தனர் என்று 2021-இல் வெளியிட்டனர். ஏட்டில் எழுதிய ஆண்டை எலும்பு திருத்தியது! சரித்திர மாணவர் மனங்கொள்ளத்தக்க செய்தி இது.

1532 நவம்பர் 16-ஆம் நாள், கஹமார்கா என்னும் ஊரில் பிசாரோ என்னும் ஸ்பானியர் நூற்று அறுபத்தெட்டுப் பேரைக் கொண்டு அதஹுவல்பா என்ற இன்கா அரசரைச் சிறைப்பிடித்தார். சகோதரர் இருவர் அரியணைக்காகப் போரிட்டு ஓய்ந்த வேளை அது. மறு ஆண்டே அரசர் கொல்லப்பட்டார், குஸ்கோவும் வீழ்ந்தது. காடுகளுக்குள் பின்வாங்கிப் போராடிய இன்கா மரபின் கடைசி அரசர் துப்பாக் அமாரு 1572-இல் குஸ்கோ நகரின் பொதுவிடத்தில் சிரச்சேதம் செய்யப்பட்டார். மச்சு பிச்சுவை அதற்கு முன்பே மக்கள் கைவிட்டிருந்தனர்.

இனி, என் கரும்பலகை வாக்கியத்திற்கு வருகிறேன். 1911 ஜூலை 24 அன்று தூறல் மழையில் பிங்காமை அம்மலைக்கு அழைத்துச் சென்றவர் மெல்கோர் ஆர்தியாகா என்னும் உள்ளூர் உழவர். அதற்கு அவர் பெற்ற கூலி ஒரு வெள்ளி நாணயம். மேலே சென்றபோது ரிச்சார்த்தே, அல்வாரெஸ் என்னும் உழவர் குடும்பங்கள் பழைய அடுக்கு நிலங்களில் பயிரிட்டு வாழ்ந்து வந்தன. அவர்கள் வந்தவருக்குத் தண்ணீரும் கிழங்கும் அளித்தனர். ஒரு சிறுவன் இடிபாடுகளைக் காட்டினான். அங்கிருந்த சுவர் ஒன்றில் அகுஸ்தின் லிசாராகா என்னும் பெயரும் 1902 என்னும் ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. அப்படியானால் 'கண்டுபிடித்தார்' என்ற சொல் யாருக்கு உரியது? பிங்காம் அந்நகரை ஆராய்ந்தார், படமெடுத்தார், உலகறியச் செய்தார். அப்பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒருபோதும் தொலைந்த நகரமன்று. அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதை நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் என் மாணவர்களுக்குச் சொல்லத் தவறினேன்.

பிங்காமின் குழுவினர் அங்கிருந்து யேல் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுசென்ற பொருள்கள், 2010-ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின் பெருவுக்குத் திரும்பின. குஸ்கோவில் 'காசா கொஞ்சா' என்னும் மாளிகையில் அவை வைக்கப்பட்டுள்ளன. நாங்கள் நகரில் தங்கும் மூன்று நாளில் முதல்நாளே அங்கு செல்வோம்.

நான்காம் நாள் காலையில் இந்தி புங்கு எனப்படும் கதிரவன் வாயிலை அடைந்தால், அங்கிருந்து மச்சு பிச்சு முழுவதும் கீழே தெரியுமாம். அந்த இடத்தை நான் அடைவேனோ, இரண்டாம் நாளே திரும்புவேனோ, அறியேன். எங்கள் சுமையாளர் ஒவ்வொருவரின் பெயரையும் முதல் நாள் மாலையே கேட்டு எழுதிக்கொள்வது என்று மட்டும் உறுதி செய்திருக்கிறேன். சரித்திர ஆசிரியன் ஒருவன் ஏற்கெனவே சில பெயர்களை விட்டுவிட்டான், மறுமுறையும் விடலாகாது.

என்னிடம் படித்தவர்கள் எவரேனும் இப்பேச்சைக் கேட்டிருந்தால், அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய குறிப்பேடு இன்னும் உங்களிடம் இருக்குமானால், அதில் 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'உலகுக்கு அறிவித்தார்' என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் ஆர்தியாகா, லிசாராகா என்னும் இரு பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.