வளைந்த திரையும் ஒற்றை நாற்காலியும்

எட்டு வருடம் உழைத்த என்னுடைய 24 இன்ச் மானிட்டர் போன மாதம் ஒரு நல்ல நாளில், அதுவும் கார் ரேஸில் கடைசி வளைவில் முந்திக்கொண்டிருக்கும்போது, கண்ணை மூடிவிட்டது. பொட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்கு மானிட்டர் இல்லாமல் எப்படி? தங்கமணியையும் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு புனேயில் ஒரு கடைக்குப் போனேன்.

நான் கடைசியாக மானிட்டர் வாங்கியபோது கேள்வி ஒன்றுதான்: எத்தனை இன்ச்? இப்போது கடைப் பையன் "அல்ட்ராவைட், கர்வ்டு, 1000 ஆர்" என்று மந்திரம் ஓதுகிறான். 49 இன்ச்சில் ஒரு திரை, நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்கிற மாதிரி வளைந்து நின்றது. உட்கார்ந்தேன். சொர்க்கம்! பக்கத்தில் நின்ற மகள்தான், "எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலப்பா" என்றாள்.

அந்த ஒரு வரி மண்டையைக் குடைய, வாங்காமல் திரும்பிவிட்டேன். இந்த வளைவு யாருக்கு, எதற்காகத் தோன்றியது என்று தேட ஆரம்பித்ததில் கிடைத்த கதைதான் இது.

திரைகள் முதலில் கிட்டத்தட்ட சதுரம். 1890களின் தொடக்கத்தில் எடிசனின் கூடத்தில் டிக்சன் என்பவர் 35 மி.மீ. படச்சுருளில் ஒரு பிரேமுக்கு நான்கு துளை என்று வகுத்தார். அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. சினிமா ஏறக்குறைய அதையே பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த தொலைக்காட்சியும் 4:3 தான், அதன் பிறகு கம்ப்யூட்டர் மானிட்டரும் 4:3 தான்.

இந்த இடத்தில் பிரெட் வாலர் என்ற அமெரிக்கர் வருகிறார். (நீர்ச்சறுக்குப் பலகைக்கும் காப்புரிமை வாங்கிய ஆசாமி. சும்மா இருக்கிற ஜாதி இல்லை.) நேராகப் பார்க்கும்போதுகூட ஓரக்கண்ணில் படுகிறவைதான் "நான் அந்த இடத்தில் இருக்கிறேன்" என்ற உணர்வைத் தருகின்றன என்பது அவர் கண்டுகொண்ட விஷயம். அப்படியானால் திரை ஓரக்கண் வரை வர வேண்டும். தட்டையான திரையை இழுத்துக்கொண்டே போனால் ஓரங்கள் தூரமாகிவிடும், ஆகவே வளைக்க வேண்டும்.

இந்த யோசனை முதலில் பெரிய அளவில் பயன்பட்டது சினிமாவில் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது விமானத் துப்பாக்கி வீரர்களுக்குப் பயிற்சி தர வாலர் ஒரு சாதனம் செய்தார். குழிந்த கோளத்தின் உட்புறம் போன்ற திரையில் ஐந்து புரொஜெக்டர்கள் எதிரி விமானங்களைக் காட்டும். வீரர்கள் போலித் துப்பாக்கியால் சுடுவார்கள். குறி சரியாக இருந்தால் காதில் ஓர் ஒலி கேட்கும். இன்றைக்கு நாம் இதற்கு என்ன பெயர் வைப்போம்? வளைந்த திரையில் ஷூட்டிங் கேம்! கேமிங் மானிட்டர் புதுசு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

போர் முடிந்தது. அமெரிக்காவில் டிவி வந்து தியேட்டர் கூட்டம் கரைய ஆரம்பித்தது. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டினால்தான் ஜனங்கள் வருவார்கள். 1952 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கில் வாலரின் சினிராமா அரங்கேறியது. மூன்று புரொஜெக்டர்கள், 146 பாகை வளைந்த திரை. அகன்ற திரைக் காட்சி ரோலர் கோஸ்டர் சவாரியுடன் தொடங்கும். அந்தத் திரை ஒரே துணியும் அல்ல, செங்குத்தான பட்டைகளை அடுக்கிச் செய்தது. ஆழமாக வளைந்த திரையில் இடப்பக்க வெளிச்சம் எதிர்ப்பக்கம் பட்டுத் தெறித்துப் படத்தை வெளிறச் செய்யும், அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் சினிராமாவுக்கு இரண்டு வியாதிகள். மூன்று படங்களும் சேரும் இடத்தில் கோடு தெரியும். அடுத்தது, நடுவில் உட்கார்ந்தவருக்குத்தான் முழு மாயம், ஓரத்து இருக்கைக்காரர்களுக்குக் கோணல். செலவும் சேர்ந்துகொள்ள, மூன்று புரொஜெக்டர் முறையில் கதைப் படங்கள் இரண்டே இரண்டுதான் வந்தன, இரண்டும் 1962-ல்.

சினிராமாவுக்கு மறு வருடமே, 1953-ல், 'தி ரோப்' படத்துடன் சினிமாஸ்கோப் வந்தது. பிரான்சின் ஆன்ரி கிரெத்தியன் 1920களிலேயே செய்த லென்ஸ்தான் இதன் அடிப்படை. அகன்ற காட்சியைப் படம் எடுக்கும்போது பக்கவாட்டில் நசுக்கிப் பதித்து, காட்டும்போது விரிப்பது. ஒரே புரொஜெக்டர், கோடும் இல்லை, செலவும் கம்மி. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் குரு தத்தின் 'காகஸ் கே பூல்' (1959). தமிழுக்கு அது 1973-ல் 'ராஜராஜ சோழ'னுடன் வந்தது. திரைச்சீலை வழக்கமான இடத்தில் நிற்காமல் விலகிக்கொண்டே போனதை அப்பா இன்றைக்கும் கையை விரித்துக் காட்டிச் சொல்வார்.

சினிமா 2.35-க்குப் போய்விட, டிவி 4:3-லேயே நின்றது. 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் இரண்டுக்கும் நடுவே 16:9 என்ற சமரசத்தைக் கண்டார். கணக்கும் அழகாக வருகிறது: 1.33-ஐயும் 2.35-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், 1.77. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, யாருக்கும் பெரிய நஷ்டமும் இல்லை. நல்ல பஞ்சாயத்து!

கேம் பக்கம் வருவோம். 1993-ல் வந்த டூமின் ஆரம்பப் பதிப்புகளில் ஒரு வசதி இருந்தது. மூன்று கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைத்தால் நடுவில் ஒன்று நேர்ப் பார்வை, இரு பக்கமும் இடது, வலது பார்வை. அப்படியே சினிராமா! 2009-ல் ஏ.எம்.டி.யின் ஐபினிட்டி ஒரே கிராபிக்ஸ் கார்டில் பல மானிட்டர்களை ஓட்ட வைத்தது. சினிராமாவின் கோடு இங்கே மானிட்டர்களின் சட்டமாகத் திரும்பி வந்தது. 2014-ல் எல்ஜி 34 இன்ச்சில் 21:9 வளைந்த மானிட்டரைக் கொண்டுவந்ததும் அந்தக் கோடும் போயிற்று. 2020-ல் சாம்சங் ஒடிஸி ஜி9, 49 இன்ச், 1000 ஆர்.

அதே காலத்தில் வளைந்த டிவிகளும் 2013 வாக்கில் ஆரவாரமாக வந்து, சில வருடங்களில் காணாமல் போயின. மானிட்டர் மட்டும் ஏன் பிழைத்தது? டிவியை நாலு பேர் நாலு இடத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். மானிட்டரின் முன்னால் ஒரே ஆள், நட்ட நடுவில். சினிராமா தேடி அலைந்த அந்த ஒற்றை நாற்காலி மேசை முன்னால்தான் இருந்திருக்கிறது. என் மகள் கடையில் சொன்னது சினிராமா ஓரத்து இருக்கைக்காரரின் புகார்தான்.

இனி என் கணக்கு. 1000 ஆர், 1800 ஆர் என்பது வளைவின் ஆரம், மில்லிமீட்டரில். எண் குறையக் குறைய வளைவு கூடும். 34 இன்ச் 21:9 திரை 80 சென்டிமீட்டர் அகலம், உயரம் சாதாரண 27 இன்ச் அளவுதான். 1800 ஆரில் நடுப்பகுதி நான்கரை சென்டிமீட்டர் போலத்தான் உள்வாங்கும். கடையில் பார்த்த 49 இன்ச் 1000 ஆரில் அது பதினேழு சென்டிமீட்டருக்கு மேல்! பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாததில் ஆச்சரியமில்லை.

கிராபிக்ஸ் கார்டையும் யோசிக்க வேண்டும். 3440க்கு 1440 என்றால் 2560க்கு 1440-ஐ விட மூன்றில் ஒரு பங்கு பிக்சல் கூடுதல், அத்தனையும் வரைய கார்டு மூச்சு வாங்கும். எல்லா கேமும் அகலத்தை ஏற்றுக்கொள்ளாது என்பது இன்னொரு சங்கடம். 2022-ல் எல்டன் ரிங் வெளிவந்தபோது இரு பக்கமும் கறுப்புப் பட்டைதான். ஷூட்டிங் போட்டிகளில் அகலத் திரைக்காரன் அதிகம் பார்ப்பது அநியாயம் என்ற வாதமும் உண்டு, அதில் நியாயம் இருக்கிறது.

கடைசியில் 34 இன்ச், 1800 ஆர் வாங்கினேன். அந்த 49 இன்ச்சை நினைத்தால் இப்போதும் ஒரு பெருமூச்சு வருகிறது, பொய் சொல்வானேன். ஞாயிற்றுக்கிழமை கார் ரேஸில் மகள் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்கிறாள், முழு ரோடும் தெரிகிறதாம். ஒரு விதிமுறையும் போட்டிருக்கிறாள்: யார் வண்டி ஓட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான் நடு நாற்காலி.

போன வாரம் முழுக்க நான் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன்.